முன்பதிவில்லாமல் ஜூலியன் ஆல்ப்ஸ்: ஒரு வாடகை கார், 50 கொண்டை ஊசி வளைவுகள்

ஸ்லொவேனியாவுக்குத் தனியாகப் போய் ஜூலியன் ஆல்ப்ஸ் மலையில் நடக்கத் திட்டமே வேண்டாம், கார் இருந்தால் போதும் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. மலைக்குத் திட்டம் வேண்டாம், அன்றன்று காலை வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதே அங்கே நல்லது. காருக்குத் திட்டம் கண்டிப்பாக வேண்டும். விமான நிலையத்தில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், மூன்று நாள் அறை வாடகை அந்தக் கவுண்டரிலேயே கரைந்துவிடும். கோபம் ஆறுவதற்குள் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இணையத்தில் தெரியும் தினசரி வாடகை வெறும் தூண்டில். கவுண்டரில் முதலில் கேட்பது ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு. டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்குவதில்லை. நண்பரின் கார்டும் செல்லாது. அந்தக் கார்டில் ஆயிரம் யூரோவுக்கு மேல் பிடித்து வைப்பது சாதாரணம், வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் விடுவிப்பார்கள். கார்டின் வரம்பு குறைவாக இருந்தால், "அப்படியானால் எங்கள் முழு இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். அதன் தினக் கட்டணம் சில சமயம் வாடகையையே தாண்டும். கவனிக்க வேண்டிய இன்னொன்று: அடிப்படை இன்சூரன்ஸில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பெரும்பாலும் சேராது. மலைச் சாலையில் கல் தெறித்து அடிபடுவதும் இந்த மூன்றுதான். சேதத்தில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை ஈடுகட்டும் தனி இன்சூரன்ஸை ஊரிலிருந்தே இணையத்தில் வாங்கினால் மிக மலிவு. பிடித்து வைக்கும் தொகைக்கு மட்டும் கார்டில் இடம் விட்டு வையுங்கள். சாவி வாங்கியதும் நான்கு பக்கமும், சக்கர விளிம்பும், பெட்ரோல் முள்ளும் தெரிய ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். எந்தக் கீறலும் "சின்னது" இல்லை, ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு.

இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். நெடுஞ்சாலையில் போக மின் வில்லை, அதாவது வண்டி எண்ணின் பேரில் முன்கூட்டியே கட்டும் சாலைக் கட்டணம் (இ-விக்னெட்), தேவை. அங்கே பதிவான வாடகை வண்டிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், என்றாலும் கேட்டு உறுதி செய்யுங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஊருக்குள் 50, வெளிச் சாலையில் 90, நெடுஞ்சாலையில் 130.

பிளெட் ஏரியில் தங்காதீர்கள். அழகுதான், ஆனால் பார்க்கிங் காசும் கூட்டமும் தனி ஆளின் பட்ஜெட்டைத் தின்னும். அரை மணி நேரம் தள்ளிப் போனால் போஹின். ஸ்லொவேனியாவின் நிலையான ஏரிகளில் பெரியது அதுதான். சாலையோர வீடுகளில் "சோபெ" என்று பலகை தொங்கினால் வாடகைக்கு அறை உண்டு என்று பொருள். விலை பேசும்போது சுற்றுலா வரி தனியா என்று கேளுங்கள், தலைக்கு ஒரு இரவு என்ற கணக்கில் கடைசியில் ஏறும். காரிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் அது தடை, அபராதம் உண்டு. தனி ஆளுக்குக் கட்டுப்படியாவது மலைக் குடில்தான். ஓட்டலில் இருவர் அறைக்குக் கொடுக்கும் காசை ஒருவர் கொடுக்கிறோம், "கோச்சா" என்ற குடிலில் கூட்டு அறையில் ஒரு படுக்கைக்கு மட்டும் கொடுக்கிறோம். படுக்கையில் விரித்து உள்ளே படுக்கும் மெல்லிய உறைப் பையும் ரொக்கப் பணமும் கொண்டு போங்கள். பெரும்பாலான குடில்கள் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும்.

போஹினில் ஒரு நாள் நடைக்கு இதைவிட நல்ல வளையம் இல்லை. சவிட்சா அருவி நிறுத்தத்தில் காரை விட்டு, கோமார்ச்சா என்ற பாறைச் சுவரில் ஏறி, 1685 மீட்டரில் இருக்கும் திரிக்லாவ் ஏரிகள் குடிலை அடைந்து, கோம்னா குடில் வழியாக இறங்கினால் மறுபடி அதே சவிட்சா. ஏற்றம் மட்டும் 1000 மீட்டருக்கு மேல். கோமார்ச்சா செங்குத்து, இரும்புக் கம்பி பிடித்து ஏறும் இடங்கள் உண்டு, மழைக்குப் பிறகு பாறையும் வேரும் வழுக்கும். எனவே அதில் ஏறுங்கள், இறங்காதீர்கள். கோம்னா பக்கம் இறங்குவது முதல் உலகப் போரில் கோவேறு கழுதைகளுக்காக வெட்டிய பாதை. சரிவு ஒரே சீராக இருப்பதால் களைத்த முழங்காலுக்கு அது வரம்.

நடைபாதையின் அடையாளம் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளி. அலோய்ஸ் க்னாஃபெல்ட்ஸ் என்பவர் கொடுத்த வடிவம், நாடு முழுக்க ஒன்றே. பலகையில் முக்கோணம் இருந்தால் கடினப் பாதை, அதோடு ஆச்சரியக்குறியும் இருந்தால் மிகக் கடினம். அதற்கு ஹெல்மெட்டும் கம்பியில் மாட்டும் கொக்கிகளும் வேண்டும், தனியாகப் போகிறவர் திரும்பிவிடுவது நல்லது. நேரக் கணக்கு எளிது: மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், சமதூரம் 4 கி.மீ. ஏற்றத்துக்கான நேரத்தையும் தூரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். வெர்ஷிச் கணவாயிலிருந்து ஸ்லெமெனோவா ஷ்பித்சா சிகரம் வரை 300 மீட்டர் ஏற்றம், சுமார் 3 கி.மீ.: ஒரு மணி நேரமும், முக்கால் மணியில் பாதியும். ஏறக்குறைய ஒன்றரை மணி.

தண்ணீரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கீழே எங்கும் ஆறும் அருவியும் ஓடுவதால் மேலேயும் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். இது சுண்ணாம்புக்கல் மலை. பெய்த மழை விரிசலில் இறங்கிப் பள்ளத்தாக்கில்தான் ஊற்றாக வெளிவரும். உயரக் குடில்கள் மழைநீரைச் சேமித்துப் பிழைக்கின்றன, குடிக்கப் பாட்டில் தண்ணீர் விற்கிறார்கள், குளியல் பல குடில்களில் கிடையாது. கீழே குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். கிளம்பும்போது 2 லிட்டராவது நிரப்புங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடி மின்னல் வழக்கம், காலை ஆறுக்கே நடக்க ஆரம்பித்து இரண்டு மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். ஆர்சோ என்ற அரசு வானிலைத் தளத்தின் ரேடார் படத்தைப் பார்த்து அன்றைய மலையைத் தேர்ந்தெடுங்கள். குடில் பதிவேட்டில் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். அவசரத்துக்கு 112.

போஹினிலிருந்து சோச்சா பள்ளத்தாக்குக்கு மலையைச் சுற்றி ஓட்டுவது வீண். போஹின்ஸ்கா பிஸ்திரிட்சாவில் காரை ரயிலில் ஏற்றிவிடலாம்! 1906-இல் திறந்த பாதை, 6327 மீட்டர் சுரங்கம். நாம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, இருட்டுக்குள் ரயில் இழுத்துப்போய் மோஸ்ட் நா சோச்சியில் விடுகிறது. பராமரிப்புக்காகப் பாதை மூடுவதுண்டு, முதல் நாளே கால அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

பிறகு சோச்சா பள்ளத்தாக்கில் உள்ள பொவெட்ஸ் ஊர். அங்கே சாப்பிட வேண்டியது சோம்பே: வேகவைத்த உருளைக்கிழங்கும் புளிப்பேறிய ஸ்குட்டா பாலாடையும். அவ்வளவுதான், ஆனால் எட்டு மணி நேரம் நடந்த வயிற்றுக்கு அதற்கு ஈடு இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் குடில்களில் எச்சரிக்கையாக இருங்கள். யோட்டா என்ற சூப் பெயருக்குப் புளித்த முட்டைக்கோஸும் பீன்ஸும், உள்ளே புகையூட்டிய பன்றிக்கறி கிடக்கும். "ப்ரெஸ் மெசா" என்று கேளுங்கள், கறியில்லாமல் என்று பொருள். பாலாடை வைத்துச் சுருட்டிய ஷ்த்ருக்ளி பெரும்பாலும் பிரச்சினையில்லை.

பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலுள்ள திரெண்டாவிலிருந்து வெர்ஷிச் கணவாய்க்கு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளின் எண்கள் 50-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலது வளைவுகள்தான் இறுக்கம். அவற்றில் இரண்டாம் கியரில் திணறுவதைவிட நுழையும் முன்பே முதல் கியருக்கு வருவது நல்லது. உச்சி 1611 மீட்டர். ஒன்பது மணிக்குப் பிறகு நிறுத்த இடம் கிடைப்பது அரிது. மேலே நின்று பிரிசாங்க் பாறையைப் பாருங்கள், ஒரு பெண்முகம் தெரியும். அதை அய்தோவ்ஸ்கா தேக்லிட்சா என்கிறார்கள்.

வடக்குப் பக்கம் இறங்கும் 24 வளைவுகளில் கருங்கல் பாவியிருக்கிறது, ஈரமானால் சக்கரம் பிடிக்காது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதியில் கருகிய வாடை வரும், இரண்டாம் கியரிலேயே எஞ்சின் பிடியில் விடுங்கள். எட்டாவது வளைவில் நிறுத்துங்கள். இந்தச் சாலையைப் போட்டவர்கள் ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவம் பிடித்து வைத்திருந்த ரஷ்யக் கைதிகள். 1916 மார்ச்சில் பனிச்சரிவு அவர்களில் பலரைக் கொன்றது. மிஞ்சியவர்கள் கட்டிய மரக்கோயில் அங்கே நிற்கிறது. பத்து நிமிடமாவது அங்கே இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கியதும் வரும் கிராண்ஸ்கா கோரா ஊரில் பெட்ரோல் நிரப்பாதீர்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் வரை விட்டு அங்கே நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முள் ஒரு கோடு இறங்கியிருந்தாலும் அதற்கும் காசு கேட்பார்கள்.