பழைய அறுவடை வண்டியில் ஒயரிங் வேலை: தை மாதக் குறிப்புகள்

ஜனவரி 19, திங்கள்

டயர் வண்டி, 12 வோல்ட். சாவியைத் திருப்பினால் செல்ஃபில் (எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டார்) ‘டொக்’ என்ற சத்தத்தோடு சரி. பேட்டரியில் மீட்டர் 12.6 காட்டுகிறது. சும்மா கிடக்கும் பேட்டரி காட்டும் இந்தக் கணக்கை நம்பித்தான் பாதிப் பேர் நல்ல செல்ஃபைக் கழற்றிப் பிரிக்கிறார்கள். சாவியைப் பிடித்தபடி அளக்க வேண்டும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். இதில் 11.8-லேயே நின்றது. கரண்டு எங்கேயோ அடைபடுகிறது.

மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல), மறுமுனை செல்ஃப் உடம்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.3-க்குள் இருக்க வேண்டியது, 4 வோல்ட் வந்தது. ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டால் சூடு. எர்த் வழி கிடைக்காத கரண்டு அதன் வழியாகத் திரும்பியிருக்கிறது. எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லக்கை (கேபிள் நுனியில் போல்ட் மாட்டும் உலோக முனை) பிளந்தால் உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு.

50 சதுர மி.மீ. கேபிள், அழுத்திய லக். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வேஸ்லின். இப்போது 0.15.

ஜனவரி 20, செவ்வாய்

ஓட்டத்தில் பேட்டரி 12.3, சார்ஜ் ஏறவில்லை. சாவி போட்டதும் சார்ஜ் லைட் எரியவே இல்லை. பல்பு ஃபியூஸ். இந்த மாதிரிப் பழைய ஆல்டர்னேட்டரை (ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) உசுப்பும் கரண்டு அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி போட்டால் அந்தக் கரண்டு போதாது. 3 வாட் இழை பல்பு போட்டதும் 14.1.

ஜனவரி 22, வியாழன்

வரப்பு ஏறி இறங்கும்போது எஞ்சின் அணைகிறது. இந்த டீசல் பம்பின் சோலினாய்டுக்கு (கரண்டால் இயங்கும் அடைப்பான்) 12 வோல்ட் இருந்தால்தான் எண்ணெய் திறக்கும் (சில வண்டிகளில் நேர்மாறு, முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்). சோலினாய்டு முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைக் கட்டி, சீட்டிலிருந்து தெரியும்படி தொங்கவிட்டு ஓட்டினால் விஷயம் தெரிந்துவிடும். எஞ்சினுக்கு முன்பே பல்பு அணைந்தால் ஒயர். பல்பு எரியும்போதே எஞ்சின் நின்றால் சோலினாய்டு அல்லது டீசல் வழி.

பல்பு முதலில் அணைந்தது. மீட்டரை நம்பியிருந்தால் ஏமாந்திருக்கலாம்: ஒயரில் ஒரே ஒரு செம்பு இழை பிடித்திருந்தாலும் அது 12 காட்டும், பல்பு எரியாது. மேடைக்கு அடியில் வைக்கோல் சேர்ந்த இடத்தில் எலி கடித்திருக்கிறது. செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்டி, இணைப்புகள் அருகருகே வராமல் தள்ளித் தள்ளிச் சேர்த்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய்.

ஜனவரி 24, சனி

ராத்திரி லைட் ஃபியூஸ் எரிந்துகொண்டே இருக்கிறது. 15 ஆம்பியர் இடத்தில் யாரோ செம்புக் கம்பி சுற்றியிருந்தார்கள். ஒயர் பழுத்து, பக்கத்தில் வைக்கோல் தூசி. வண்டியே எரியாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

லைட் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இடத்தில் அதே 21 வாட் பல்பு. முழு வெளிச்சம், ஷார்ட் இருக்கிறது. 2 ஆம்பியருக்கு மேல் போகாது, நிதானமாகத் தேடலாம். ஒயரை ஒவ்வொரு இடமாக அசைக்க, நெல் கொட்டும் குழாய் மடங்கும் மூட்டில் பல்பு அணைந்தது. அங்கே தோல் உரிந்து இரும்பில் உரசுகிறது. மூட்டில் ஒரு சாண் தளர்வு விட்டு, ரப்பர் உறை போட்டுக் கட்டியாயிற்று.

லைட் ரிலேயில் (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) 85, 86 முனைகளுக்கு இடையே 88 ஓம், உள்ளே இருக்கும் காயில் (சுருள்) நல்லது. 87-ம் முனையின் தகரம் மட்டும் கருத்திருக்கிறது; சாக்கெட் நாளைக்கு.