நான்கு மீட்டர் வெட்டுக்காயப் பூண்டு

பொது இடத்தில் வைக்கக் காட்டுப்பூச் சிற்பம் ஒன்று வேண்டும் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது வெட்டுக்காயப் பூண்டு. களைக்குப் போய் யாராவது சிலை வைப்பார்களா என்று சிலர் முகம் சுளித்தார்கள்.

வரைய உட்கார்ந்தபோதுதான் அதை இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. ஐந்து இதழ் கொண்ட பூ என்றே நினைத்திருந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த 'இதழ்' ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நுனியில் மூன்று பல். நடுவில் மஞ்சளாக இருப்பது குட்டிக் குழாய்ப் பூக்களின் கூட்டம்.

ஆனால் இந்தச் செடியின் அழகு காம்பில்தான். தரையோடு படர்ந்து கிடப்பதிலிருந்து நூல் மாதிரி எழும்பி, உச்சியில் சின்னத் தலையைத் தாங்கும். ஒரு சாண் உயரம், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதே விகிதத்தில் நான்கு மீட்டருக்குப் பெருக்கினால் சுமார் 20 மி.மீ. வரும். பொறியாளர் படத்தைப் பார்த்ததும் அடியில் 114 மி.மீ. குழாய் என்று எழுதிவிட்டார். விளக்குக் கம்பமேதான்!

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். அது உச்சியில் இருக்கும் தலையைத் தள்ளும்போது வளைக்கும் பாரமெல்லாம் அடியில் வந்து சேரும். அப்படியானால் காம்பைப் பருக்க வைப்பதற்குப் பதில் காற்றுக்கு வழிவிட்டால் என்ன? நடுப்பகுதியை முழுத் தகடாக வைக்காமல், குட்டிப் பூக்களை ஒவ்வொன்றாகக் குழாய்த் துண்டுகளில் செய்து, இடைவெளி விட்டு வெல்டிங் வைத்தேன். செடியிலும் அவை குழாய்கள்தானே. மறுகணக்கில் காம்பின் அடிப்பகுதி 76 மி.மீ. ஆயிற்று, படிப்படியாகச் சிறுத்து உச்சியில் 33. நூல் இல்லைதான், ஆனால் கம்பமும் இல்லை.

அடித்தளத்தில் சிக்கல் வரவில்லை. சிலையைத் தரையோடு பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் புதைக்கும்போது, அவை நுழையும் துளைகள் கொண்ட அடித்தகடான பேஸ் பிளேட்டையே அச்சாக வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

நிறுத்திய ஒரு மாதத்தில் இதழ்களில் பழுப்புப் புள்ளிகள். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்குமா? தப்பு என்னுடையது. சாதா இரும்பைத் தேய்த்த கிரைண்டர் டிஸ்க்கையே இதற்கும் போட்டிருக்கிறேன். ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்தான் துருவாகியிருந்தது. ஏணியில் நின்று அமிலப் பசை பூசி, கழுவி, முடிக்க இரண்டு நாள். கைக்கு எட்டாத ஓர் இதழின் அடியில் இன்னும் ஒரு புள்ளி இருக்கிறது.

பலமாகக் காற்றடித்தால் தலை இரண்டு விரற்கடை அசைகிறது. பார்ப்பவர்கள் பதறிப்போய்க் கேட்கிறார்கள். அந்த அசைவு கணக்கில் உள்ளதுதான்.