ஆவி மேல வரணும்ல

"தட்டை மாத்தி அடுக்குடா, ஆவி மேல வரணும்ல!"

தம்பி 'வெண்பா' என்ற வீடியோ கேம் விளையாட, பின்னாலிருந்து அம்மா. இட்லிப் பானைதான் முதல் புதிர்.

கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை, 2023இல் வந்தது.

சமையல் கேம் என்றால் கடிகாரம் ஓடணும், ஸ்கோர் ஏறணும், அப்போதான் விற்கும் என்பார்கள். இதில் இரண்டும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் கதையே முடிந்துவிடுகிறது.

கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் (Steam) தளத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால், வாங்கிய 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதாவது முழுசாகப் பார்த்துவிட்டு காசையும் வாங்கிக்கொள்ளலாம்!

இன்னும் நாலு பலகாரம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது.

2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குத் தரும் கேம் விருதும் இதற்குத்தான்.

சரி, நான் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை.