நிப்பிளுக்குக் கீழே ஒரு கோடு

அந்தக் காரை நானே கழுவித் துடைத்து அனுப்பியிருந்தேன். நான்கு சக்கரத்துக்குள்ளும் காலிபர்கள், அதாவது பிரேக் பேட்களைச் சுழலும் டிஸ்க்கின்மேல் அழுத்திப் பிடிக்கும் உலோகக் கவ்விகள், நான் அடித்த பெயிண்ட்டில் பளிச்சென்று சிவப்பாகத் தெரிந்தன. பட்டறையில் சேர்ந்து மூன்றாவது வருடம். வேலை கையில் படிந்துவிட்டது என்ற நம்பிக்கை வந்திருந்த நேரம்.

ஆறு மாதம் கழித்து அதே கார் பிரேக் பேட் மாற்ற வந்தது. முன்சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கோடு. ப்ளீட் நிப்பிளின் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் சிறு திருகின்) அடியில் தொடங்கி, காலிபரின் முதுகு வழியாக வளைந்து இறங்கி, விளிம்பில் போய் முடிந்தது. அந்தக் கோட்டில் பெயிண்ட்டே இல்லை. வெறும் இரும்பும் அதன்மேல் துருவும்தான். இரண்டு பக்கமும் பெயிண்ட் பாலாடை போலச் சுருங்கி நின்றது. நகத்தால் நெம்பினேன், பட்டையாக உரிந்து வந்தது.

காரின் சொந்தக்காரர் வயதானவர். திட்டவில்லை. பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது 600 டிகிரி தாங்கும்னு டப்பாவக் காட்டினீங்களே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட அன்றே மறந்திருப்பேன். அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். பிரேக் என்றால் சூடு, சூடு என்றால் சைலன்சருக்கு அடிக்கும் ஸ்ப்ரே. டப்பாவில் எந்த எண் பெரிதோ அதுதான் நல்ல பெயிண்ட். இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்று புரிய எனக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

டிஸ்க் சூடாகும், அதில் சந்தேகமில்லை. பந்தயத் தடத்தில் ஓட்டினால் இரவில் டிஸ்க் செக்கச்செவேலென்று தெரியும், 500 டிகிரியைத் தாண்டும். ஆனால் நாம் பெயிண்ட் அடிப்பது டிஸ்க்குக்கு இல்லை, காலிபருக்கு. நடுவில் பேட் இருக்கிறது, அதன் பின்தகடு இருக்கிறது, பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கிறது, சுற்றிலும் காற்று ஓடுகிறது. அந்தக் காலிபருக்குள்ளேயே பிரேக் ஆயில் நிற்கிறது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். காலிபர் 600 டிகிரிக்குப் போகிறது என்றால் அதற்கு வெகுமுன்பே ஆயில் கொதித்து, பிரேக் பிடிக்காமல் பெடல் தரையோடு போயிருக்கும். அந்த நிலையில் பெயிண்ட்டைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வெப்பம் காட்டும் ஒட்டுப்பட்டைகள் உண்டு. குறித்த சூட்டைத் தொட்டதும் அந்தக் கட்டம் கறுத்துவிடும், ஆறினாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாது. பந்தயக்காரர்கள் காலிபரில் ஒட்டுவது அதைத்தான். எங்கள் பட்டறை வண்டியின் முன் காலிபரில் ஒன்றை ஒட்டி ஒரு வாரம் ஓட்டினேன். தினசரி ஓட்டத்தில் 100 டிகிரிக் கட்டம் கறுக்கவே இல்லை. ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு நீண்ட இறக்கம் ஒன்றில் வேண்டுமென்றே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கிய நாளில்தான் அடுத்தடுத்த கட்டங்கள் கறுத்தன. அப்போதும் 150-ஐ ஒட்டி நின்றுவிட்டது. ஒரு வண்டி, ஒரு வாரம், அவ்வளவுதான். வேறு வண்டியில் வேறு எண் வரலாம். ஆனாலும் டப்பாவில் போட்டிருந்த எண்ணுக்கும் நான் பார்த்ததுக்கும் எவ்வளவு தூரம்!

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. சைலன்சர் பெயிண்ட்டின் உயிர் அதன் சிலிகோன் பிசினில் இருக்கிறது. அது வெறும் காற்றில் முழுதாக இறுகாது. படிப்படியாகச் சூடேற்றி, 200 டிகிரிக்கும் மேலே கொண்டுபோய் ஆற வைத்தால்தான் அது கெட்டிப்படும். சைலன்சர் தன் சூட்டிலேயே அதைச் செய்துகொள்ளும். காலிபர் அந்தச் சூட்டுக்குப் போவதே இல்லை. அதனால் பெயிண்ட் பச்சையாகவே இருந்துவிடுகிறது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுகியிருக்காது. அதன்மேல் ஒரு துளி பிரேக் ஆயில் விழுந்தால் முடிந்தது கதை. பெயரில்தான் ஆயில், உண்மையில் அது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். பெயிண்ட் அகற்றும் மருந்துக்கு நெருங்கிய சொந்தம். அன்று ப்ளீட் செய்து முடித்தபோது நிப்பிள் வாயில் நின்ற துளியை நான் துடைக்காமல் மூடியை மாட்டியிருக்கிறேன். அந்தத் துளிதான் மெல்ல வழிந்து அந்தக் கோட்டைப் போட்டது.

ஆக, காலிபர் பெயிண்ட்டிடம் நான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு சூடு தாங்குவாய்?" என்பது இல்லை, "பிரேக் ஆயில் பட்டால் என்ன ஆவாய்?" என்பது. இதைச் சோதிக்கப் பெரிய வசதி எதுவும் வேண்டாம். கழித்துப் போட்ட பழைய காலிபர்கள் இரண்டை எடுத்துச் சுத்தம் செய்து, ஒன்றின்மேல் மூன்று பட்டை அடித்தேன்: சைலன்சர் ஸ்ப்ரே, காலிபருக்கென்றே விற்கும் ஒற்றை டப்பா ஸ்ப்ரே, இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து பிரஷ்ஷால் பூசும் இரட்டைக் கலவை எபாக்சி. இன்னொன்றை, தூளை உருக்கி ஒட்ட வைக்கும் பவுடர் கோட்டிங் செய்து வாங்கி வந்தேன். பத்து நாள் காய விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு டாட் 4. பத்து நிமிடத்தில் சைலன்சர் ஸ்ப்ரே துணியோடு வந்துவிட்டது. ஒற்றை டப்பா ஸ்ப்ரே அரை மணி நேரத்தில் இளகி, நகம் பதிந்தது. எபாக்சியும் பவுடரும் அப்போது அசையவில்லை. மறுநாள் காலையில் எபாக்சி மினுக்கம் மட்டும் குறைந்திருந்தது, பவுடரின் ஓரம் சற்று மெத்தென்று ஆகியிருந்தது. எதுவுமே சாகாவரம் பெற்று வரவில்லை. ஆனால் துடைக்க நமக்கு எவ்வளவு நேரம் தருகிறது என்பதில்தான் இத்தனை வித்தியாசம்.

அன்றிலிருந்து, காலிபரை வண்டியிலிருந்து பிரிக்காமல் பூச வேண்டும் என்றால் என் கை இரட்டைக் கலவைக்குத்தான் போகும். ஸ்ப்ரே செய்யாமல் பிரஷ்ஷால்தான் பூசுவேன். டஸ்ட் பூட் என்னும் தூசி மறைப்பு ரப்பர், நிப்பிள், வழுக்குப் பின்களின் ரப்பர் என்று மூடி மறைக்க வேண்டிய இடம் ஏராளம், ஸ்ப்ரே புகை எல்லாவற்றுக்குள்ளும் போகும். இன்னொரு காரணம் மூச்சு. இரட்டைக் கலவைகளில் யூரித்தேன் வகையும் உண்டு, அதன் ஹார்டனர்களில் ஐசோசயனேட் இருக்கும். அதைப் புகையாக இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு, சாதாரணத் துணி முகமூடி அதற்குக் காணாது. தனிக் காற்றுக்குழாய் வைத்த முகமூடி இல்லாத பட்டறையில் அதை ஸ்ப்ரே செய்யவே கூடாது என்பது என் முடிவு.

ஆனால் எந்தப் பெயிண்ட் என்பதைவிட அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பழைய பிரேக் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. பிரேக் கிளீனரை நனைய அடித்துக் கீழே தட்டில் வடிய விடுவேன். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள், மறுபடி கிளீனர். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பும் வரை இது நடக்கும். மூன்றாவது முறையிலும் துணியில் சாம்பல் நிறம் ஏறுவதைப் பார்த்தால் பொறுமை போகும். அந்த இடத்தில்தான் நான் பல வருடம் வேலையை நிறுத்தியிருக்கிறேன். அங்கே நிறுத்தாமல் இன்னும் இரண்டு முறை துடைத்த காலிபர்கள்தான் இன்றும் நிறத்தோடு ஓடுகின்றன. துடைத்த பிறகு கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. விரல் பிசுக்கு ஒன்று போதும், அந்த இடத்தில் பெயிண்ட் ஒதுங்கி மீன்கண் போல வட்டம் விழும்.

வார்ப்பிரும்புக் காலிபர்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே துத்தநாக முலாம் போட்டிருப்பார்கள். மஞ்சள் கலந்த பொன்னிறமாகவோ வெள்ளி நிறமாகவோ தெரியும். அது நன்றாக இருந்தால் சுரண்டி எடுக்காதீர்கள். துருவைத் தடுப்பது அதுதான், மேலே போவது வெறும் நிறம். லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும். அலுமினியக் காலிபரில் சாதா இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, பிறகு பெயிண்ட்டுக்கு அடியிலிருந்து புள்ளி புள்ளியாகத் துரு எழும். நைலான் பேடால் தேய்த்து, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் போட்டுப் பூசினால்தான் பிடிக்கும்.

காலிபரை எப்படியும் முழுதாகப் பிரிக்கப் போகிறோம், ரப்பர் கிட் மாற்றப் போகிறோம் என்றால் கணக்கே வேறு. அப்போது பவுடர் கோட்டிங்கைத்தான் சொல்வேன். தூளை மின்னூட்டத்தால் ஒட்ட வைத்து 180 முதல் 200 டிகிரி அடுப்பில் உருக்கி எடுப்பார்கள். கல் தெறித்தாலும் சக்கரம் கழுவும் மருந்து பட்டாலும் அது லேசில் அசையாது. ஆனால் அந்த அடுப்புச் சூட்டை சீல் ரப்பர் தாங்காது. பிஸ்டன், சீல், பூட், நிப்பிள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பழைய எண்ணெய் ஊறிக் கிடக்கும். தூள் போடும் முன் ஒருமுறை வெறுமையாகச் சுட்டு அதை வெளியேற்றாவிட்டால், உருகும் பவுடரில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பழைய பூச்சு போக வேகமாகப் பாய்ச்சி பிளாஸ்டிங் செய்த மணல் ஆயில் வழிக்குள் ஒரு துகள்கூட மிஞ்சக் கூடாது. சீல் உட்காரும் பள்ளத்தில் பவுடர் இறங்கக் கூடாது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனை மயிரிழை பின்னால் இழுப்பது அந்தச் சதுர சீல்தான். பள்ளம் குறுகினால் பிஸ்டன் திரும்பாது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

பவுடர் விஷயத்தில் நான் பயந்த சம்பவம் ஒன்று. காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டுகளை வெளியே ஒரு இடத்தில் கொடுத்து வாங்கினோம். நேர்த்தியான கறுப்பு, எல்லா முகத்திலும் ஒரே சீராக. எல்லா முகத்திலும் என்பதுதான் பிரச்சினை. சக்கரத்தைத் தாங்கும் அச்சுக்கட்டையோடு போல்ட் போட்டு இறுக்கும் பரப்பிலும் பவுடர் இருந்தது. குறித்த இறுக்கம் வந்ததும் ஒலி எழுப்பும் டார்க் ரெஞ்சு சரியான அளவில் கிளிக் என்றது, நானும் திருப்தியாக அனுப்பிவிட்டேன். எங்கள் பெரிய மெக்கானிக் அண்ணன் மட்டும் அந்த வண்டியை நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் திரும்ப வரச் சொன்னார். வந்ததும் "இப்போ வச்சுப் பாருடா" என்றார். அதே அளவு வைத்துத் திருகினேன். போல்ட் கிளிக் ஆகவில்லை, சுற்றியது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு. இறுக்கத்தில் பவுடர் நசுங்கி ஒதுங்கியிருக்கிறது, அந்த அளவுக்குப் போல்ட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. அந்தப் பவுடரின் கனம் 80 மைக்ரான், தலைமுடிப் பருமன்தான். அன்று பிராக்கெட்டுகளைக் கழற்றி, அந்தப் பரப்புகளை உலோகம் தெரியச் சுரண்டி மாட்டும்வரை அண்ணன் சாப்பிடப் போகவில்லை, நானும் போகவில்லை. இப்போது வெளியே கொடுக்கும் முன் ஒவ்வொரு பொருத்துப் பரப்பிலும், பிரேக் குழாயைக் காலிபரோடு இணைக்கும் பேங்ஜோ போல்ட்டின் செப்பு வாஷர் உட்காரும் வட்டத்திலும், பேட் நகரும் விளிம்பிலும் நானே சாக்பீஸால் குறி போட்டு, மறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன்.

செராமிக் கோட்டிங்கும் கேட்டு வருகிறார்கள். மெல்லியது, 25 மைக்ரான் அளவில்தான் நிற்கும். அதனால் பொருத்தம் கெடும் தொல்லை குறைவு, சூடும் தாங்கும். பந்தயத் தடத்துக்குப் போகும் வண்டியானால் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அங்கே பவுடரின் சிவப்பு பழுத்துப் பழுப்பாகிவிடும். வீட்டுக்கும் வேலைக்கும் ஓடும் காருக்கு அது தேவையே இல்லை. வருபவரிடம் அதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

போன வாரம் ஒரு வண்டி வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் பிரிக்காமலே எபாக்சி பூசிய காலிபர்கள். விளிம்பில் இரண்டு இடத்தில் கல் பட்டுப் பொரிந்திருந்தது. மற்றபடி தூளைக் கழுவியதும் சிவப்பு அப்படியே. ஆயில் மாற்றும் வேலையைப் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கொடுத்தேன். நிப்பிளை இறுக்கிக் குழாயை உருவியதும் ஒரு துளி திரண்டு காலிபர் முதுகில் இறங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஈரத்துணியை எடுத்துத் துடைத்து, நிப்பிள் வாயையும் ஒற்றி எடுத்துவிட்டு மூடியை மாட்டினான். துணியை வாங்கி விரித்துப் பார்த்தேன். சிவப்பு ஒட்டவில்லை.