பயத்தை வரவழைத்துப் பழகிய காலம்

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு, ஹீமோகுளோபின் என எல்லாப் பரிசோதனைகளின் முடிவும் இயல்பாகவே இருந்தது. ஆனாலும் நகரப் பேருந்தில் ஏறினால் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்நுனிகள் மரத்துப்போய், இதோ உயிர் போகப்போகிறது என்ற எண்ணம் எழுவது மட்டும் நிற்கவில்லை. அக்கா, கண் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மைத்துனருக்கோ இது வாயுத் தொல்லைதான் என்பதில் கடுகளவும் ஐயமில்லை. கடைசியில் இதய மருத்துவர்தான் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதயத்துக்கு ஒன்றுமில்லை, இது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று எழும் கடும் பீதி, மனநலப் பிரிவில் காட்டுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டில் அந்தச் சீட்டு கிளப்பிய சங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்ட உறவினர்களும் உண்டு. என் மனைவிதான் யாருக்கும் பதில் சொல்லாமல் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

மனநல மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், அதுவரை பொறுமை வேண்டும் என்றும் சொல்லி, அதே பிரிவில் இருந்த உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் என் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு, அவர் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் வரையத் தொடங்கியது வியப்பாக இருந்தது. பேருந்தில் புழுக்கம், அதனால் இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது. அதைக் கவனிக்கும் மனம் 'மாரடைப்பு' என்று பொருள் கொள்கிறது. அந்தப் பொருளால் பயம் எழுகிறது. பயத்தால் அட்ரினலின் சுரந்து துடிப்பு மேலும் கூடுகிறது. கூடிய துடிப்பு முதல் சந்தேகத்தை உறுதி செய்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த விளக்கம் இது என்றார். விரல் மரத்துப்போவதற்கும் காரணம் இருந்தது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கு மேல் குறைந்துவிடுகிறது. தலைச்சுற்றலும் மரமரப்பும் அதனால்தான் வருகின்றன. மயங்கி விழுந்துவிடுவேனோ என்று கேட்டதற்கு, மயக்கத்தின்போது இரத்த அழுத்தம் சரியும், பீதியின்போது பொதுவாக அது ஏறும், எனவே அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று விளக்கினார்.

இவ்வளவும் புரிந்த பிறகும் மறுநாள் பேருந்தில் அதே படபடப்பு வந்தது. புரிந்துகொள்வதால் மட்டும் இது தீராது என்பதை அவர் முன்பே சொல்லியிருந்தார். உடம்பு நேரடியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அடுத்த சந்திப்பில் பழச்சாறு குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். மூக்கை விரலால் பொத்திக்கொண்டு, வாயில் வைத்த ஸ்ட்ராவின் வழியாக மட்டும் இரண்டு நிமிடம் மூச்சு விட வேண்டும். அரை நிமிடத்திற்குள் நெஞ்சு இறுகி, காதோரம் சூடேறி, பேருந்தில் வரும் அதே மூச்சுமுட்டல் அந்த அறையின் மின்விசிறிக் காற்றிலேயே வந்து நின்றது. பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் குறித்தார். சற்று நேரம் பொறுத்து மீண்டும் செய்யச் சொன்னார். திரும்பத் திரும்பச் செய்தபோது மூச்சுமுட்டல் குறையவில்லை, ஆனால் அதைக் கண்டு எழும் பயத்தின் எண் குறைந்துகொண்டே வந்தது. என்னைப் பொறுத்தவரை மொத்தச் சிகிச்சையின் சாரமும் இதில்தான் இருந்தது. சுழல் நாற்காலியில் சுற்றித் தலைசுற்றலை வரவழைப்பது, நின்ற இடத்திலேயே ஓடித் துடிப்பை ஏற்றுவது என்று வீட்டுப்பாடங்கள் தொடர்ந்தன. பயந்து நிறுத்தியிருந்த ஃபில்டர் காபியையும், திக்கான டிகாக்‌ஷனில், வேண்டுமென்றே குடிக்கச் சொன்னார். அந்த ஒரு வீட்டுப்பாடத்தை மட்டும் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றேன். இதய அறிக்கைகளை முழுமையாகப் பார்த்த பிறகே இவற்றை அவர் தொடங்கினார் என்பதையும், ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை முயலக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஸ்ட்ராவைவிடக் கடினமாக இருந்தது வேறொன்று. எப்போதும் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பது, படிக்கட்டுக்கு அருகிலேயே நிற்பது, மணிக்கட்டில் நாடி பார்ப்பது, சட்டைப்பையில் ஒரு மாத்திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, மனைவிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் போன் செய்வது என நான் சேர்த்து வைத்திருந்த காவல்களை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இவை இருக்கும்வரை, பேருந்துப் பயணம் நல்லபடியாக முடிந்தாலும், பாட்டில் இருந்ததால்தான் பிழைத்தோம் என்றே மனம் கணக்கு எழுதும். ஆபத்தே இல்லை என்ற செய்தி உள்ளே போகாது என்றார். ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சியையும் பீதி வந்த நேரத்தில் செய்ய வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனெனில் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் அறிவுரையே அதுதான். பலருக்கு அது பயன்படலாம். என் விஷயத்தில் அதுவும் இன்னொரு தண்ணீர் பாட்டிலாகிவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பேருந்துக்கு ஒரு படிவரிசை தயாரித்தோம். காலியான பேருந்தில் மனைவியுடன் இரண்டு நிறுத்தம் செல்வதில் தொடங்கி, மாலை நெரிசலில் தனியாக, பாட்டில் இல்லாமல், நடுப்பகுதியில் நின்றுகொண்டு பெரியார் பேருந்து நிலையம்வரை போவதில் அது முடிந்தது. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பது ஒன்றே விதி. ஏறிய பயம் தானாகவே தணியும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகு நம்புவது எளிதாக இருந்தது. ஒருநாள் நெரிசலில் படபடப்பு ஏறிக்கொண்டிருந்தபோது, முன்னால் நின்ற பெரியவர் தம் பூக்கூடையைச் சற்றுப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மல்லிகை நசுங்காமல் பார்த்துக்கொண்டதில் நாடி பார்க்கக் கை ஒழியவில்லை. உளவியலாளரிடம் சொன்னபோது, அடுத்த முறை கூடை இல்லாமலும் போய்ப் பாருங்கள் என்றார், விடாக்கண்டர்.

மாத்திரையை நன்றாக ஆன பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்தினேன். இப்போதும், தூக்கம் கெட்ட வாரங்களில், எப்போதாவது அந்தப் படபடப்பு எட்டிப் பார்க்கும். வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொடர்கிறேன்.

இதே தொல்லையுடன் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதன்முறை நெஞ்சுவலி வந்தால் அது பதற்றம்தான் என்று நீங்களாக முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று இதயத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டலாம். நேரில் போகத் தயங்குபவர்கள், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். உளவியலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, வெறும் பேச்சோடு நிறுத்தாமல், பயப்படும் விஷயத்தைச் செய்து பழகும் பயிற்சியும் வீட்டுப்பாடமும் தருவாரா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.