வாசிப்பு நாட்குறிப்பு: தாலி, தடயம், தெரு

ஜூன் 2, 2025, திங்கள்

இணையத் தொடர்கதைகளுக்குக் கீழே வரும் கருத்துகளில் பாதிக்கு மேல் ஒரே வார்ப்பு: "சூப்பர் சிஸ், ஹீரோ செம, அடுத்த யூடி (அத்தியாயம்) எப்போ?" எழுதுகிறவருக்கு அது தெம்பு தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வரதட்சணை, சாதி, வாடகைத்தாய் என்று ஒரு சமூகக் கருவைக் கையில் எடுத்து ஒருவர் காதல் கதையோ மர்மக் கதையோ எழுதும்போது, அந்தக் கரு கதைக்குள் வேலை செய்கிறதா என்று சொல்ல ஆள் வேண்டும். புத்தகமாகும் முன்பே அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிற வாசகர்தான் அதைச் சொல்ல முடியும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி, கருவைக் கதையிலிருந்து உருவிப் பார்ப்பது. நாயகியின் அக்கா வரதட்சணைக் கொடுமையால் செத்தாள் என்பதை எடுத்துவிட்டு, சாலை விபத்தில் செத்தாள் என்று மாற்றிப் படியுங்கள். அப்போதும் கதை தடங்கலில்லாமல் ஓடினால், வரதட்சணை அங்கே வெறும் ஒட்டுத்துணி.

படிக்கும்போது ஒரு நோட்டில் கோடு கிழித்து மூன்று கட்டம் போட்டுக்கொள்ளலாம்: அத்தியாய எண், என்ன நடந்தது, அது யார் யாருக்குத் தெரியும். மர்மக் கதைக்கு உயிர்நாடி மூன்றாவது கட்டம். 12-ஆம் அத்தியாயத்தில் தம்பிக்குத் தெரியாத சாவி விஷயம் 19-இல் அவன் வாயிலிருந்தே வருகிறது என்றால், அது துப்பாக இருக்கும், இல்லையென்றால் எழுதியவரின் மறதி. எதுவென்று கடைசி அத்தியாயத்தில் தெரிந்துவிடும். 40 அத்தியாயக் கதைக்கு நோட்டில் இரண்டு பக்கம் போதும்.

ஜூன் 5, வியாழன்

கட்டாயத் தாலி. கொடுமைக்காரனே நாயகனாக வரும் ஆன்ட்டி ஹீரோ கதைகளில் இது இல்லாத மாதமே கிடையாது. பழிவாங்க வருகிறான், கோயிலிலோ மண்டபத்திலோ மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுகிறான், "இனி நீ என் மனைவி" என்கிறான். அதோடு நாயகிக்கு எல்லாக் கதவும் அடைத்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள்.

அடைக்கவில்லை. 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வற்புறுத்தியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கிய திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்கிறது. வற்புறுத்தல் நின்ற நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அதற்குப் பிறகு அவளே முழு மனதோடு அவனுடன் வாழ்ந்திருந்தால் மனு நிற்காது. ஒரு காதல் கதைக்கு இதைவிட நல்ல கெடிகாரம் ஏது? நாயகியின் கையில் ஒரு வருடம் இருக்கிறது. அவன் மாறினானா, அவள் நம்பினாளா, மனுவில் கையெழுத்துப் போடுவாளா என்று ஒவ்வொரு அத்தியாயமும் இறுகும். சட்டம் கதையில் நுழைந்தால் காதல் கெட்டுவிடும் என்று எழுதுகிறவர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது.

கருத்து எழுதுகிறவர்களும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நாயகன் மனைவியைப் பலவந்தப்படுத்தும் அத்தியாயத்துக்குக் கீழே "இது ரேப், சட்டப்படி ஜெயில்" என்று எழுதிவிடுகிறோம். 18 வயது நிறைந்த மனைவி விஷயத்தில் கணவனுக்கு நம் குற்றச் சட்டம் இன்னும் விதிவிலக்கு தருகிறது. அநியாயம்தான். ஆனால் 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடக்கம். பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம், அதே வீட்டில் தங்கும் உரிமையும் கேட்கலாம். "அவளுக்கு இந்த வழி இருக்கிறதே, ஏன் யாருமே அவளிடம் சொல்லவில்லை?" என்று கேட்டால் எழுதுகிறவருக்கு அடுத்த அத்தியாயம் கிடைக்கும்.

இன்னொன்று, எண்ணிச் சொல்லுங்கள். கொடுமை அத்தியாயம் 4 முதல் 35 வரை, மன்னிப்பு 36-இல், மனம் இளகுவது 37-இல் என்று எண்களாக எழுதினால் குறை தானாகவே தெரியும். "ஹீரோவை எனக்குப் பிடிக்கலை" என்பதற்கு அந்த வலு கிடையாது.

ஜூன் 9, திங்கள்

வாடகைத்தாய் கதைகள். கல்யாணமே வேண்டாம், வாரிசு மட்டும் போதும் என்கிற பணக்கார நாயகன். தம்பியின் ஆபரேஷனுக்குப் பணம் தேடும் 21 வயதுப் பெண். பத்து லட்சத்துக்கு ஒப்பந்தம். வக்கீல் ஒருவர் பத்திரத்தை நீட்ட, அவள் கண்ணீரோடு கையெழுத்துப் போடுகிறாள்.

இந்த ஒரு காட்சியில் எத்தனை தவறு என்று பார்ப்போம். வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் வந்தது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கல்யாணமாகாத ஆண் இந்த வழியில் குழந்தை பெற முடியாது. சுமப்பவள் திருமணமாகி, சொந்தக் குழந்தை ஒன்றாவது உள்ளவளாக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் சுமக்கலாம். தன் கருமுட்டையைத் தரக் கூடாது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் தவிரப் பணம் கைமாறினால் அது வணிக ரீதியான வாடகைத்தாய் முறை. தண்டனை பத்து வருடச் சிறை வரைக்கும், அபராதம் பத்து லட்சம் வரைக்கும். குழந்தை யாருடையது என்று முன்கூட்டியே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உத்தரவும் வாங்க வேண்டும்.

அப்படியானால் இந்தக் கதையை எழுதவே கூடாதா? தாராளமாக எழுதலாம், ஆனால் சட்டவிரோதம் என்று தெரிந்து எழுத வேண்டும். அப்படி எழுதினால் காதல் கதைக்குள் ஒரு மர்மக் கதை தானாகவே முளைக்கும். அவளுக்குக் கணவன் இருப்பதாக எந்தச் சான்றிதழைக் காட்டினார்கள்? அவள் பெற்றதாகக் காட்டிய குழந்தை யார் வீட்டுப் பிள்ளை? கோர்ட்டில் கணவன் என்று வந்து நின்றவன் எங்கே? அவளுக்கு ரத்தப்போக்கு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவாள், என்ன பெயர் சொல்லிச் சேர்வாள்? ஏழைப் பெண்ணின் உடம்பை வைத்து நடக்கும் வியாபாரம்தான் சமூகக் கரு என்றால், அந்த வியாபாரத்தின் கணக்கு வழக்கு கதையில் தெரிய வேண்டும். பத்து லட்சத்தில் தரகருக்கு எவ்வளவு, அவள் கைக்கு எவ்வளவு என்று ஒரு வரியாவது வேண்டாமா?

கதை 2022-க்கு முன்பு நடக்கிறதென்றால் கணக்கு வேறு. அதனால் முதல் அத்தியாயத்திலேயே வருடத்தைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 10, செவ்வாய்

வருடம் என்றதும் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றச் சட்டங்கள். அதற்குப் பிறகு நடக்கும் கொலைக்கு இன்ஸ்பெக்டர் "302 போடு" என்றால் தவறு. பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கான தண்டனை 103. அதற்கு முன்பு நடந்த கொலையென்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 சரிதான். கருத்தில் குத்திக் காட்டும் முன் கொலை நடந்த தேதியைப் பாருங்கள்.

ஜூன் 14, சனி

மர்மக் கதைகளில் மிக அதிகமாக வருவது, மருமகள் மின்விசிறியில் தொங்கும் காட்சி. பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

தூக்கில் தொங்கிய உடலில் கயிறு பதிந்த தடம் பொதுவாகக் கழுத்தின் மேல்பக்கம், தாடைக்கும் குரல்வளைக்கும் நடுவே இருக்கும். முடிச்சை நோக்கிச் சாய்வாக மேலேறும், முடிச்சுப் பக்கம் தடம் விட்டுப்போயிருக்கும். கயிற்றால் இறுக்கிக் கொன்றிருந்தால் தடம் அதைவிடக் கீழே, படுக்கை வசமாக, பெரும்பாலும் கழுத்தை முழுதாகச் சுற்றியிருக்கும். உயிரோடு தொங்கியவரின் வாயோரத்தில், முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாக, எச்சில் வழிந்து காய்ந்த கோடு இருக்கலாம். செத்த பிறகு தொங்கவிட்ட உடலில் அதை எதிர்பார்க்க முடியாது. மார்பில், ரவிக்கை ஓரத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு. துப்பறியும் கதைக்கு இதைவிடச் சின்னதும் நம்பகமானதுமான துப்பு எனக்குத் தெரிந்து குறைவு. அதை முதலில் கண்டது உடலைக் குளிப்பாட்ட வந்த பெண் என்று யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

ரத்தம் தேங்கும் நிறத்தையும் பார்க்க வேண்டும். இதயம் நின்றதும் ரத்தம் பூமியை நோக்கி இறங்கும். தொங்கிய உடலில் கால்களிலும் முன்கைகளிலும் தேங்கும். முதுகில் கருஞ்சிவப்பு இருந்தால் அவள் வெகுநேரம் படுத்த நிலையில் கிடந்திருக்கிறாள். இந்த நிறம் அந்தந்த இடத்தில் நிலைக்க ஏறக்குறைய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆகவே கொன்று பத்தே நிமிடத்தில் தொங்கவிட்ட கதையில் முதுகு சிவந்திருந்தது என்று எழுதினால் இடிக்கும்.

"இரவு 11.40-க்கு இறந்திருக்கிறாள்" என்று டாக்டர் அடித்துச் சொல்வதும் கதையில் மட்டும்தான். விறைப்பு, நிறம், வயிற்றில் உணவின் நிலை எல்லாம் பார்த்து "இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரத்துக்குள்" என்றுதான் சொல்வார்கள். நல்ல எழுத்தாளருக்கு அந்த இடைவெளியே சந்தேக நபர்களை அடுக்கும் இடம்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்தால் போலீஸ் விசாரணையோடு முடியாது. ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணையும் உண்டு. மாமனார் இன்ஸ்பெக்டரின் கையில் கவரைத் திணித்து அன்றிரவே எரித்துவிடும் கதைகளில் இந்த அதிகாரி வருவதே இல்லை. அவர் பெண்ணைப் பெற்றவளை உட்காரவைத்து, "என்ன நகை போட்டீங்கம்மா? கல்யாணத்துக்கப்புறம் என்ன கேட்டாங்க? கடைசியா எப்ப போன்ல பேசுனா?" என்று கேட்டு எழுதிக்கொள்கிற அந்த ஒரு மணி நேரத்தில் வரதட்சணையின் முழு வரலாறும் வந்துவிடும். நாற்பது பவுன் என்று பேசி முப்பதுதான் போட முடிந்தது என்று அந்த அம்மா குரல் தாழ்த்திச் சொல்கிற இடம், எந்தத் திருப்பத்தையும்விடக் கனமானது. கருத்தில் இதை நான் தயங்காமல் கேட்பேன்: "ஆர்டிஓ எங்கே?"

ஜூன் 17, செவ்வாய்

குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் நாயகி மயங்குவது. நொடிகளில் நடக்காது, விடாமல் ஐந்து நிமிடமாவது முகர வைத்தால்தான் நினைவு தப்பும். ஐந்து நிமிடம் திமிறுகிற ஒரு பெண்ணைக் கல்லூரி வாசலில் வைத்து யாரும் பார்க்காமல் கடத்த முடியுமா? காட்சியை மாற்றச் சொல்ல இந்த ஒரு கேள்வி போதும்.

ஜூன் 21, சனி

சாதி மறுப்புக் காதல். "வேற சாதி" என்ற இரண்டு சொல்லோடு பல கதைகள் நின்றுவிடுகின்றன. எந்தச் சாதி என்று பெயர் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாதி கண்ணில் படும் இடங்களைக் காட்டினால் போதும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டாது, அதனால் கேள்வி வேறு வடிவில் வரும்: "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? குலதெய்வம் எது?" மூன்றாவது பதிலுக்குள் நாயகனின் தாய் கண்டுபிடித்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் காபியை எந்த டம்ளரில் கொண்டுவருகிறாள் என்பதை எழுதினால், வசனமே வேண்டாம்.

இதிலும் சட்டச் சிக்கல் உண்டு. வீட்டை விட்டு வந்த ஜோடி சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதுகிறார்கள். அதில் 30 நாள் அறிவிப்பு உண்டு. பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். இருவரும் இந்துக்கள் என்றால் அந்தச் சட்டமே தேவையில்லை, சாதி வேறாக இருந்தாலும் சரி. 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு பக்கம் இந்து, மறு பக்கம் முஸ்லிம் என்று கதையை அமைத்து, யாரும் மதம் மாற மாட்டோம் என்று நின்றால், அந்த 30 நாள் அறிவிப்பு நிஜமாகவே கழுத்தில் கத்தி. பலகையில் ஒட்டிய தாளை யார் படித்தது, யார் போன் செய்து சொன்னது? காதலும் மர்மமும் அந்த ஒரு தாளிலேயே சேர்ந்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

மர்மக் கதைக்குக் கருத்து எழுதும்போது முடிச்சை அவிழ்க்காமல் எழுதுவது தனிப் பழக்கம். கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதாது. "முடிவை யாராலும் ஊகிக்க முடியாது" என்பதும் துப்புதான். படிக்கிறவர் உடனே யார்மேல் சந்தேகமே வராதோ அவரைத் தேடத் தொடங்குவார். நான்கே காட்சியில் வரும் வாட்ச்மேனை "அருமையான பாத்திரம்" என்று பாராட்டினாலும் அவ்வளவுதான், தெரிந்துவிடும்.

முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நடப்பதை மட்டும் தொட்டு எழுதலாம். அதற்குப் பிந்தைய குறைகளை எழுதியவருக்குத் தனிச் செய்தியாக அனுப்பலாம். இப்படி:

"அக்கா, 27-ஆம் அத்தியாயத்தில் டிரைவரின் செல்போன் டவரை வைத்து டிரைவர் இன்ன வீட்டுக்குள் இருந்தார் என்று எஸ்ஐ சொல்கிறார். டவர் அந்தச் சுற்றுவட்டாரத்தைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. எதிர்க் கடை சிசிடிவியைக் கொண்டுவரலாம், ஆனால் பழைய பதிவு சில நாளில் அழிந்து புதியது ஏறிவிடும். கொலை நடந்து இருபது நாள் கழித்துத்தான் எஸ்ஐ கடைக்குப் போகிறார். 24-ஆம் அத்தியாயத்திலேயே அவரை அந்தக் கடைக்கு அனுப்பிவிட்டால் சரியாக வரும்."