கார் நின்றால்தான் காசு சேரும்

நன்கொடை திரட்ட மாடிஃபைடு கார்களோடு க்ரூஸ், அதாவது கூட்டமாக ஒரு உலா, போக நினைப்பவர்கள் பாதி மூளையை ரூட் மேப்பிலேயே செலவழித்துவிடுகிறார்கள். ஓடுகிற காருக்கு யாரும் காசு போடுவதில்லை. சென்னைத் திருவான்மியூரில் கிளம்பி ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக மாமல்லபுரம் என்றால் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். நிறுத்திக் காட்ட மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதுவும் சாலையோரத்தில் வேண்டாம். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய தனியார் மைதானத்தில்.

பேனரில் 'ரேஸ்', 'சேலஞ்ச்', 'டைம் ட்ரயல்' எதுவும் இருக்கக் கூடாது. நம்மூர் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரயல் (வண்டி எவ்வளவு தாங்கும் என்ற சோதனை) எல்லாம் விலக்கு, அவற்றில் நேரும் சேதத்துக்குப் பணம் வராது. யார் முதலில் வந்தார் என்று குறித்து வைத்தாலே, விபத்து நடந்தால் க்ளெய்முக்குச் சிக்கல். இந்தப் பாதை சென்னை, தாம்பரம் ஆணையரகங்களையும் செங்கல்பட்டு மாவட்டக் காவலையும் தொடுகிறது. மூன்று இடத்துக்கும் கார்களின் எண்ணிக்கை, நேரம், நிற்கும் இடம் எழுதி முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

எந்தக் காரைச் சேர்ப்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் வழிசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சைலன்ஸரைக் கழற்றிய கார், ஃபேன்ஸி நம்பர் பிளேட், கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி. பார் லைட் இவற்றுக்கு இடமில்லை. ஒரு கார் போடும் சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பாதையை முன்னதாக ஓட்டிப் பார்ப்பது இருப்பதிலேயே உயரம் தாழ்ந்த காரில்தான் நடக்க வேண்டும். விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம். உள்ளூர்க்காரர்கள் போட்டதற்குக் கணக்கே கிடையாது. மைதான வாசல் சரிவில் பம்பர் தட்டினால் வைக்க இரண்டு நீளப் பலகைகள் கையில் இருக்கட்டும். பஞ்சரானால் தாழ்ந்த காருக்கடியில் சாதாரண ஜாக்கி நுழையாது, லோ-ப்ரொஃபைல் ஜாக்கி வேண்டும். வெளியில் வாங்கிய அலாய் சக்கரத்துக்குத் தனி லக் நட் (சக்கரத்தைப் பூட்டும் நட்டு) என்றால் அதன் சாவியை டிரைவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். கிளம்பும் இடத்திலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரிய பிரேக் கிட் போட்ட காரில் கம்பெனி ஸ்டெப்னி காலிப்பரில் (பிரேக்கின் பிடிப்புப் பகுதியில்) இடித்து உட்காராமல் போகும். அந்தக் காருக்கு ஃபிளாட்பெட் (காரை ஏற்றிப்போகும் லாரி) எண் ஒன்றே கதி.

டர்போ காரில் ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) உட்கார்ந்தால் காற்று வரத்து குறையும். உத்தண்டி சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்தாலே ஹீட் ஏறும். ஞாயிறு காலை ஆறுக்குக் கிளம்பிவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். ஆனால் அதே நேரத்தில்தான் இடப்பக்கம் சைக்கிள்காரர்களும் வரிசையாகப் போவார்கள். எட்டு கார் ஒரு குழு, குழுக்களுக்கிடையே மூன்று நிமிட இடைவெளி. ஒவ்வொரு குழுவிலும் பாதை தெரிந்தவர் முதலில், கருவிப்பெட்டி வைத்திருப்பவர் கடைசியில். சிக்னலில் பிரிந்தால் விரட்டிப் பிடிக்க வேண்டாம், அடுத்த நிறுத்தத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

பணத்துக்கு வருவோம். காசு வாங்கிக்கொண்டு ரவுண்ட் ஏற்றிப் போவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது கூடவே கூடாது. வெள்ளை பிளேட் காரை, அதாவது சொந்த உபயோகக் காரை, வாடகைக்கு ஓட்டியதாக ஆகும், இன்ஷூரன்ஸும் கைவிடும். குலுக்கல் சீட்டும் வேண்டாம், தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. நன்றாக வேலை செய்வது, பிடித்த காருக்குப் 'பத்து ரூபாய்க்கு ஒரு ஓட்டு'. ஒவ்வொரு கார் முன்னாலும் ஒரு உண்டியல், அதிகம் சேர்த்த காருக்குக் கோப்பை. பக்கத்தில் ஒட்டும் க்யூ.ஆர். தொண்டு அமைப்பின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், அமைப்பாளரின் ஜிபேவுக்கு அல்ல. யு.பி.ஐ. குறிப்பில் கார் எண்ணைப் போடச் சொன்னால் ஓட்டு எண்ணுவதும் சுலபம்.

நுழைவுக் கட்டணத்தையும் நன்கொடையையும் கலக்காதீர்கள். டி-ஷர்ட்டும் டிபனும் கொடுத்து வாங்கிய பணத்துக்கு 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெற உதவுவது) கேட்பது முறையல்ல. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் அந்த வரிச்சலுகை கிடையாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை உள்ள நண்பர்கள் தர விரும்பினால் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான சட்டம்) பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உண்டியல்களை அங்கேயே அமைப்பின் ஆள் ஒருவர் முன் திறந்து எண்ணி, இரண்டு கையெழுத்து வாங்கி, கோப்பையை அதன் பிறகு கொடுங்கள்.